எலும்பில் பதியாத சவாரி: கடிவாளம் இல்லாத குதிரை பற்றிச் சில குறிப்புகள்

பலோமாவுக்கு 14 வயது. சாம்பல் நிறப் பெண் குதிரை. நான் முதலில் பார்த்தபோது மூன்று வருஷமாக யாரும் அதன் முதுகில் ஏறியிருக்கவில்லை. கலிபோர்னியாவில் நான் குடியிருக்கும் ஊருக்கு வெளியே ஒரு சின்ன லாயம். அதை நடத்துகிறவர் எழுபது வயதைத் தாண்டிய ஒரு மெக்சிகோ அம்மா. நான் அவரை 'சென்யோரா' என்பேன். அவர் என்னை 'மிஹா' என்பார். ஸ்பானிஷில் 'என் மகளே' என்று அர்த்தம்.

"ஆறு மாசம் பாப்போம் மிஹா. சவாரிக்கு வந்தா இருக்கட்டும். வரலைன்னா ஏலத்துக்கு அனுப்பிடுவேன். தீனி விக்கிற விலை உனக்குத் தெரியாததா?"

ஏலம் என்றால் என்ன என்று இரண்டு பேருக்குமே தெரியும். அமெரிக்காவில் கடைசியாக இருந்த குதிரை இறைச்சிக் கூடங்கள் 2007-ல் மூடப்பட்டன. ஆனால் ஏலத்தில் மலிவாகப் போகும் குதிரைகள் லாரி ஏறி மெக்சிகோவுக்கும் கனடாவுக்கும் போவது அதோடு நின்றுவிடவில்லை. வயதான, சவாரிக்கு ஆகாத குதிரையை வேறு யார் வாங்குவார்கள்?

நான் குதிரை பழக்குகிறவள் இல்லை. வார இறுதியில் சவாரி செய்கிறவள், மற்ற நேரத்தில் பழைய வரலாறு படிக்கிறவள். அந்த ஆறு மாதம் பகலில் பலோமாவோடும் ராத்திரியில் புத்தகங்களோடும் போனது. இரண்டும் ஒன்றோடொன்று பேச ஆரம்பித்த கதைதான் இந்தக் கட்டுரை.

வாய்க்குள் என்ன இருக்கிறது?

முதல் வேலையாகக் கால்நடை மருத்துவர் வந்தார். மயக்க மருந்து கொடுத்து, வாயைத் திறந்து நிறுத்தும் கருவியை மாட்டி, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு உள்ளே பார்த்தார். குதிரையின் பல் ஆயுசு முழுக்க மெல்ல மெல்ல வெளியே வந்துகொண்டே இருக்கும். தேயாத இடங்களில் கூர் தட்டிவிடும். அதை அரத்தால் ராவி விடவேண்டும். பலோமாவுக்கு அது வழக்கமான வேலைதான். ஆனால் மருத்துவர் என் விரலைப் பிடித்து இன்னொரு இடத்தில் வைத்தார்.

குதிரையின் முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பல்லே இல்லாத ஒரு வெற்று இடம் உண்டு. கடிவாளத்தின் இரும்பு அங்கேதான் உட்காரும். மனிதன் குதிரை ஏறியதே அந்த இடைவெளி இருந்ததால்தான் என்றுகூடச் சொல்வார்கள். பலோமாவின் கீழ்த்தாடையில் அந்த இடத்தில் மெல்லிய சதைக்கு அடியில் முண்டு மாதிரி எலும்பு வளர்ந்திருந்தது. பக்கத்தில் முதல் கடைவாய்ப் பல்லின் முன்விளிம்பு சரிவாகத் தேய்ந்திருந்தது. யாரோ பல வருஷம் கையை இறுக்கிப் பிடித்து ஓட்டியிருக்கிறார்கள். எலும்பு தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் புதிதாக எலும்பைப் போட்டிருக்கிறது.

"இதுக்கு மேல இரும்பு வைக்கறது சரியில்லை" என்றார் மருத்துவர். ஆக, கடிவாளம் இல்லாமல் பழக்க வேண்டும் என்ற முடிவு தத்துவத்தால் வந்ததல்ல. வேறு வழி இல்லாததால் வந்தது.

இங்கே சொற்களைக் கொஞ்சம் பிரித்துக்கொள்வோம். நாம் கடிவாளம் என்று பொதுவாகச் சொல்வதில் மூன்று பாகம் இருக்கிறது: தலையைச் சுற்றும் வார், வாய்க்குள் போகும் இரும்பு, கையில் பிடிக்கும் லகான். இதில் நடுவிலிருக்கும் இரும்பை மட்டும் எடுத்துவிட்டு, மூக்குத்தண்டின் மேல் ஒரு பட்டையை வைத்து, அதன் இரண்டு பக்கமும் லகானைக் கட்டினால் அதுதான் இரும்பில்லாத கடிவாளம். நம் ஊர் மாட்டுக்குக் கட்டும் தலைக்கயிறு கிட்டத்தட்ட இதேதான். மூக்கணாங்கயிறு வேறு. அது மூக்குத் தண்டைத் துளைத்துப் போவது, வலியைக் காட்டி அடக்குவது. உழுத வீட்டில் பிறந்தவர்களுக்கு இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நான் சொல்ல வேண்டியதில்லை.

பல் சொல்லும் சாட்சி

அந்தத் தேய்ந்த பல்தான் என்னைப் படிக்க வைத்தது. ஏனென்றால், மனிதன் எப்போது குதிரை ஏறினான் என்ற கேள்விக்கு அகழாய்வாளர்கள் பல காலமாகப் பிடித்துக்கொண்டிருக்கும் முக்கியமான சாட்சி அதே பல்தான்.

டேவிட் ஆன்டனி, டார்கஸ் பிரவுன் என்று அமெரிக்காவில் ஒரு ஆய்வாளர் தம்பதி. குதிரை இரும்பை நாக்கால் தூக்கிப் பின்னால் தள்ளிக் கடைவாய்ப் பல்லில் கடித்துக்கொள்ளும், அப்படிக் கடித்தால் முதல் பல் ஒரு குறிப்பிட்ட விதமாகச் சரிந்து தேயும் என்று அவர்கள் காட்டினார்கள். பழங்காலத்தில் இரும்பு ஏது என்று கேட்பீர்கள். அதற்கும் சோதனை செய்தார்கள். இதற்கு முன் வாயில் எதுவும் வைக்காத நான்கு குதிரைகளுக்குக் கயிறு, தோல், எலும்பு, குதிரை மயிர் ஆகியவற்றால் செய்த கடிவாளங்களைப் போட்டு, ஒவ்வொன்றையும் 150 மணி நேரம் ஓட்டிப் பார்த்தார்கள். அதிலும் பல்லில் தடம் விழுந்தது.

இந்த முறையை வைத்து அவர்கள் பார்த்ததில் மிகப் பிரபலமானது உக்ரைனில் நீப்பர் ஆற்றங்கரையில் தெரெய்வ்கா என்ற இடத்தில் கிடைத்த ஆண் குதிரையின் மண்டையோடு. ஊர் கி.மு. 4000-ஐ ஒட்டியது. பல்லில் தேய்மானம் தெளிவாக இருந்தது. ஆக, ஆறாயிரம் வருஷத்துக்கு முன்பே சவாரி! 1991-ல் அவர்கள் எழுதிய கட்டுரை உலகம் முழுக்கப் பேசப்பட்டது. பிறகு அந்த எலும்பையே நேரடியாகக் கரிமக் கணிப்புக்கு உட்படுத்தினார்கள். இரும்புக் காலத்துக் குதிரை அது! பழைய ஊரின் மண்ணுக்குள் பிற்காலத்தில் யாரோ புதைத்தது. தங்கள் முடிவு தவறு என்று அந்தத் தம்பதியே எழுதினார்கள். எனக்கு அவர்கள் மேல் மரியாதை கூடியது அந்த இடத்தில்தான்.

அடுத்தது வட கஜகஸ்தானின் போத்தாய். கி.மு. 3500 வாக்கிலான ஊர். கிடைத்த எலும்புகளில் மிகப் பெரும்பாலானவை குதிரையுடையவை. 2009-ல் ஆலன் அவுட்ரம் குழு, பானைகளில் குதிரைப் பாலின் கொழுப்பு படிந்திருப்பதையும் பற்களில் கடிவாளத் தடம் இருப்பதையும் வெளியிட்டது. 2018-ல் வந்த மரபணு ஆய்வு ஒரு திருப்பத்தைக் கொண்டுவந்தது. போத்தாய்க் குதிரைகள் இன்றைய வளர்ப்புக் குதிரைகளின் மூதாதையர் அல்ல, மங்கோலியாவின் பிரிவால்ஸ்கி குதிரைகள்தான் அவற்றின் வழிவந்தவை. 2021-ல் இன்னொரு பெரிய மரபணு ஆய்வு, இன்றைய வளர்ப்புக் குதிரைகளின் தாயகம் வோல்கா - தோன் ஆறுகளின் கீழ்ப்பகுதி என்றும், அங்கிருந்து கி.மு. 2200 - 2000 வாக்கில் அவை வேகமாகப் பரவின என்றும் காட்டியது. அதே வருஷம், போத்தாய்ப் பற்களில் தெரிவது கடிவாளத் தடமே அல்ல, இயற்கையான தேய்மானம்தான் என்று வில்லியம் டெய்லரும் அவரது சகாவும் மறுத்து எழுதினார்கள். சண்டை இன்னும் ஓயவில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு மறுநாள் லாயத்துக்குப் போய் பலோமாவின் மூக்கில் பட்டையைக் கட்டும்போது ஒரு விஷயம் உறைத்தது. நான் இப்போது செய்யப்போகும் சவாரி பல்லில் எந்தத் தடத்தையும் விடாது. தாடை எலும்பிலும் விடாது. தோலும் கயிறும் மண்ணில் மக்கிப்போகும். அப்படின்னா, ஐயாயிரம் வருஷத்துக்கு முன் ஒருவன் வெறும் தலைக்கயிற்றோடு ஏறி ஓட்டியிருந்தால் பல்லை மட்டும் பார்க்கிறவருக்கு அவன் இல்லவே இல்லை, இல்லையா?

ஆய்வாளர்களுக்கும் இது தெரியும். அதனால்தான் வேறு இடங்களில் தேடுகிறார்கள். மங்கோலியாவின் பின் வெண்கலக் காலக் குதிரை மண்டையோடுகளில் மூக்கெலும்பின் மேல் விழுந்த பள்ளங்களை டெய்லர் குழு 2015-ல் ஆராய்ந்தது. 2023-ல் இன்னொரு குழு குதிரையை விட்டுவிட்டு ஏறியவனைப் பார்த்தது. ருமேனியா, பல்கேரியா, ஹங்கேரியில் புதைக்கப்பட்ட யம்னாயா மக்களின் இடுப்பு, தொடை எலும்பு, முதுகெலும்பு ஆகியவற்றில் சவாரிக்காரர்களுக்கு வரும் மாற்றங்கள் இருக்கின்றன என்றார்கள். அதற்கும் மறுப்பு வந்துவிட்டது. என் இடுப்பைக் கேட்டால் நான் 2023 குழுவின் பக்கம்தான் சாட்சி சொல்வேன். ஆனால் அது அறிவியல் ஆகாது.

நாள் கணக்கு

பலோமாவை உடனே ஏறிப் பார்க்கவில்லை. முதல் இரண்டு வாரம் வெறும் நடை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நான், என் தோளுக்கு அருகில் அது. நாளுக்கு 20 நிமிஷம், பிறகு 40. மூன்று வருஷம் சும்மா நின்ற குதிரைக்கு முதுகுச் சதை இறங்கிவிடும். பழைய சேணம் அதற்குப் பொருந்தவில்லை, முன்பக்கம் தோள் எலும்பில் இடித்தது. கனமான கம்பளி விரிப்பு வைத்து, வேறு சேணம் கடன் வாங்கி, மாதத்துக்கு ஒரு தடவை மறுபடி பொருத்திப் பார்த்தோம்.

இதில் ஒரு ஏமாற்று வேலை உண்டு. மூச்சும் இதயமும் சில வாரங்களிலேயே தேறிவிடும். சதை தேற இரண்டு மூன்று மாதம் ஆகும். தசைநாரும் எலும்பும் ஆறு மாதமும் கேட்கும், அதற்கு மேலும் கேட்கும். ஆறாவது வாரத்தில் குதிரை துள்ளும், 'நான் ரெடி' என்று சொல்லும். அதை நம்பி ஓட்டினால் கால் நார் அறுந்துபோகும். ஆகவே, வேலை முடிந்து பத்துப் பதினைந்து நிமிஷத்தில் நாடி நிமிஷத்துக்கு 60-க்குக் கீழே இறங்குகிறதா என்று தாடைக்கு அடியில் விரல் வைத்து எண்ணுவேன். இறங்கினால் அடுத்த வாரம் ஐந்து நிமிஷம் கூட்டுவோம். இல்லாவிட்டால் அதே அளவு.

இந்தப் பொறுமைக்கு ஒரு முன்னோடி இருக்கிறான். பெயர் கிக்குலி. மித்தானி நாட்டுக் குதிரைப் பயிற்சியாளன். கி.மு. 14-ஆம் நூற்றாண்டை ஒட்டி அவன் சொல்லி எழுதப்பட்ட களிமண் பலகைகள், துருக்கியில் ஹிட்டைட்டுகளின் தலைநகரான ஹத்துசாவில் கிடைத்தன. தேர்க்குதிரைகளைத் தேற்ற ஏழு மாதக் கணக்கு. எந்த நாள் எவ்வளவு தூரம் நடை, எவ்வளவு ஓட்டம், எவ்வளவு தானியம், எப்போது தண்ணீர், எப்போது ஆற்றில் குளிப்பாட்டுவது, எப்போது போர்வை போடுவது என்று நாள் நாளாகப் போகிறது. எழுதியிருப்பது ஹிட்டைட் மொழியில். ஆனால் சுற்றுகளின் கணக்குக்கு வரும் சொற்கள் இந்தோ-ஆரியம். ஐக, தேர, பன்ஸ, சத்த, நா என்ற எண்களோடு 'வர்த்தன்ன' சேர்ந்து வரும். ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது சுற்றுகள். நம்மூரில் ஏக, பஞ்ச, சப்த என்று கேட்டுப் பழகிய காதுக்கு இது திடுக்கிட வைக்கும் இடம்.

1991-ல் ஆஸ்திரேலியாவில் ஆன் நைலண்ட் என்ற ஆய்வாளர் அரபுக் குதிரைகளை வைத்து இந்த ஏழு மாதப் பயிற்சியை அப்படியே செய்து பார்த்தார். நல்ல பலன் இருந்ததாக எழுதினார். வேலையையும் ஓய்வையும் மாற்றி மாற்றி வைப்பது, மெல்ல ஏற்றுவது என்று இன்றைய ஓட்டக்காரர்கள் சொல்வதெல்லாம் அந்தக் களிமண்ணில் இருக்கிறது. எனக்கும் பலோமாவுக்கும் கிக்குலி அளவுக்கு ஆசை இல்லை. ஆனால் சுவரில் மாட்டிய நாள்காட்டியில் ஒவ்வொரு நாளும் நிமிஷக் கணக்கை எழுதும்போது அவன் ஞாபகம் வராமல் இருக்காது.

இரும்பு எதற்கு வந்தது?

சரி, மூக்குப் பட்டையே போதுமென்றால் இரும்பு ஏன் வந்தது?

கி.மு. 2500-ஐ ஒட்டிய மெசபடோமியாவின் ஊர் நகரத்துப் பதாகைப் பெட்டியில் நான்கு சக்கர வண்டிகளை இழுக்கும் கழுதை இன விலங்குகளைப் பார்க்கலாம். குங்கா என்று சுமேரியர்கள் அழைத்த கலப்பினம் அவை என்பது பலரின் கருத்து. சிரியாவில் உம் எல்-மர்ரா என்ற இடத்தில் கிடைத்த குங்காக்களின் மரபணுவை 2022-ல் ஆராய்ந்து, தாய் வீட்டுக் கழுதை, தந்தை சிரியக் காட்டுக் கழுதை என்று உறுதி செய்தார்கள். ஊர் காலத்தில் இவற்றை அடக்கியது மூக்கு வளையம். நம் மூக்கணாங்கயிற்றின் அண்ணன். ஆனால் வளையத்திலிருந்து வரும் ஒற்றைக் கயிற்றால் நிறுத்தத்தான் முடியும், நினைத்த பக்கம் நன்றாகத் திருப்ப முடியாது என்று மேரி லிட்டாவர் போன்றவர்கள் விளக்கியிருக்கிறார்கள். மெல்ல ஊர்ந்து போகும் வண்டிக்கு அது போதும். கி.மு. 2000 வாக்கில் யூரல் மலைக்குத் தெற்கே சிந்தாஷ்டாவில் ஆரைச் சக்கரத் தேர் வருகிறது. கூடவே எலும்பாலும் கொம்பாலும் செய்த கன்னத் தகடுகள் வருகின்றன, உட்புறம் முள்ளோடு. வேகமாக ஓடும் இரண்டு குதிரைகளைத் தள்ளி நின்றுகொண்டு ஓட்டுகிறவனுக்கு, காலாலும் உடம்பாலும் குதிரையிடம் பேச வழி கிடையாது. கைக்கயிறு மட்டும்தான். அங்கே வாய்க்குள் போவதன் தேவை புரிகிறது.

அதாவது இரும்பின் கதையில் தேருக்குப் பெரிய பங்கு உண்டு. முதுகில் ஏறியவனுக்கு வேறு பாஷைகளும் இருக்கின்றன.

அந்தப் பாஷைகளைப் பற்றி முழு நூலாக நமக்குக் கிடைத்திருப்பதில் பழமையானது கிரேக்கரான செனபோன் எழுதியது. கி.மு. 4-ஆம் நூற்றாண்டு. பாரசீகத்திலிருந்து பத்தாயிரம் வீரர்களோடு திரும்பி நடந்த அதே செனபோன்தான். அவர் இரும்பு வேண்டாம் என்று சொல்கிறவர் அல்ல. வழவழப்பான ஒன்று, முள்ளுள்ள ஒன்று என்று இரண்டு கடிவாளம் வைத்துக்கொள்ளச் சொல்கிறார். ஆனால் குதிரையிடம் கோபத்தோடு போகக்கூடாது என்கிறார். வற்புறுத்திச் செய்ய வைப்பதைக் குதிரை புரிந்துகொண்டு செய்வதில்லை, சாட்டையடி வாங்கி ஆடுகிறவன் ஆட்டத்தில் அழகு இருக்குமா என்ற பொருளில் கேட்கிறார். குதிரை சரியாகச் செய்த உடனே கையைத் தளர்த்து என்கிறார். அங்கவடியே இல்லாத காலத்து மனிதர் சொன்னது!

கையைத் தளர்ப்பது. ஐந்தாவது வாரம் முழுக்க இதுதான் எங்கள் வேலை. தரையில் நின்றபடியே இடது லகானை ஒரு விரலால் தொடுவேன். மூக்கு இம்மி அளவு இடப்பக்கம் வந்தாலும் உடனே விட்டுவிடுவேன். பிறகு வலது. பிறகு நில். பிறகு இரண்டு அடி பின்னால். பட்டையின் இடமும் முக்கியம். கன்ன எலும்புக்கு இரண்டு மூன்று விரல் கீழே இருக்கவேண்டும். அதற்கும் கீழே இறங்கினால் மூக்கெலும்பு முடிந்து குருத்தெலும்பு வந்துவிடும், மூச்சை அடைக்கும்.

முதல் நாள் நடந்ததைச் சொல்லியே ஆகவேண்டும். நான் லகானைத் தொட்டதும் பலோமா தலையை விருட்டென்று தூக்கி வாயைப் பிளந்தது. வாய்க்குள் ஒன்றுமே இல்லை. மூன்று வருஷமாக இல்லை. ஆனாலும் வலி வரப்போகிறது என்று வாய் தானாகத் திறந்தது. எனக்குக் கை நடுங்கிவிட்டது. அந்தப் பழக்கம் போக ஒன்பது நாள் ஆயிற்று.

சிரிக்க வைத்த குதிரைப்படை

வாயில் ஒன்றுமில்லாமல் போர் செய்ய முடியுமா? செய்திருக்கிறார்கள். வட ஆப்பிரிக்காவின் நுமீதியர்கள். இன்றைய அல்ஜீரியா, துனீசியா பக்கம். சின்னக் குதிரை, கழுத்தில் ஒரு கயிறு, கையில் ஒரு குச்சி, சில எறி ஈட்டிகள். கி.மு. 216-ல் கன்னேயில் ஹன்னிபாலின் படையில் ரோமர்களை அலைக்கழித்தவர்களில் இவர்கள் உண்டு. கி.மு. 202-ல் ஜாமாவில் மசினிசாவின் தலைமையில் ரோமர் பக்கம் நின்று ஹன்னிபாலைத் தோற்கடித்ததிலும் உண்டு. கி.பி. 113-ல் ரோமில் எழுப்பப்பட்ட திராஜன் தூணில் மூர் குதிரைவீரர்களைச் செதுக்கியிருக்கிறார்கள். தலையில் கடிவாளம் இல்லை, கழுத்தில் மட்டும் கயிறு.

எனக்குப் பிடித்தது ரோம வரலாற்றாசிரியர் லிவி சொல்லும் ஒரு சம்பவம். கி.மு. 193. இத்தாலியின் லிகூரியாவில் மினூசியஸ் என்ற கான்சலின் படை ஒரு மலைக் கணவாயில் மாட்டிக்கொண்டது. இரண்டு வழியையும் எதிரி அடைத்துவிட்டான். படையில் 800 நுமீதியர்கள் இருந்தார்கள். அவர்கள் எதிரியின் காவல் முனைக்கு முன்னால் போய்ச் சும்மா சுற்றினார்கள். மெலிந்த ஆள், மெலிந்த குதிரை, கடிவாளமும் கிடையாது, கழுத்தை விறைப்பாக நீட்டிக்கொண்டு அழகில்லாமல் ஓடுகின்றன. வேண்டுமென்றே கீழே வேறு விழுந்தார்கள். காவலர்கள் ஆயுதத்தை வைத்துவிட்டு உட்கார்ந்து சிரித்து ரசித்தார்கள். குதிரையை அடக்கத் தெரியாதவர்கள் போல இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று நெருங்கி, திடீரென்று தட்டிவிட்டு நடுவே பாய்ந்து வெளியேறிவிட்டார்கள். வெளியே போய் ஊர்களுக்குத் தீ வைத்ததும் லிகூரியர்கள் வீட்டைக் காப்பாற்ற ஓடினார்கள். கணவாய் திறந்தது.

தீ வைத்த ஊர்க்காரர்களுக்கு இது சிரிக்கும் கதை அல்ல, அதையும் சொல்லிவிட வேண்டும். நான் கவனித்தது வேறு: கடிவாளம் இல்லாத குதிரை அடக்கமில்லாத குதிரை என்று காவலர்கள் நினைத்தார்களே, அந்த நினைப்பைத்தான் நுமீதியர்கள் ஆயுதமாக்கினார்கள்.

வான்கோழியும் ஒரு லகானும்

அந்த நினைப்பு எனக்குள்ளும் இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன் வேறொரு குதிரையிலிருந்து விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டவள் நான். 'பிரேக் இல்லாத வண்டி' என்று மனசு சொல்லிக்கொண்டே இருந்தது.

மூன்றாம் மாதம் ஒரு நாள், லாயத்துக்குப் பின்னால் உள்ள ஓக் மரக் காட்டுப் பாதையில் போகும்போது புதரிலிருந்து காட்டு வான்கோழிக் கூட்டம் ஒன்று படபடவென்று கிளம்பியது. பலோமா பறந்தது. நான் எல்லோரும் செய்யும் தப்பைச் செய்தேன். இரண்டு லகானையும் சேர்த்து இழுத்தேன். அது மூக்கை முன்னே தள்ளி இன்னும் வேகமாகப் போனது. 450 கிலோ எடை, நான் 58. இழுபறியில் யார் ஜெயிப்பார்கள்?

பிறகுதான் கை ஞாபகப்படுத்திக்கொண்டது. வலது லகானை விட்டேன். இடதை மட்டும் தொடைப் பக்கம் கொண்டுவந்து, இழு - விடு, இழு - விடு. தரையில் நின்று ஐந்து வாரம் ஒரு விரலால் கேட்ட அதே கேள்வி. மூக்கு இடப்பக்கம் வந்தது. உடம்பு பின்னால் வந்தது. பெரிய வட்டம், சின்ன வட்டம், நின்றுவிட்டோம். இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது.

இரும்பு இருந்தாலும் வெறித்து ஓடும் குதிரையைக் கையால் நிறுத்திவிட முடியாது. வலியிலிருந்து தப்பிக்க இன்னும் வேகமாக ஓடும் குதிரைகளும் உண்டு. நிறுத்துவது முன்கூட்டிப் பழக்கிய பதில். அது வாய் வழியாகவும் வரலாம், மூக்கு வழியாகவும் வரலாம்.

சாயங்காலம் சென்யோராவிடம் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே சாமான் அறைக்குள் போய், காலமாகிவிட்ட கணவரின் 'ஹாகிமா'வை எடுத்து வந்தார். பச்சைத்தோலைப் பின்னிச் செய்த மூக்கு வளையம், குதிரை மயிரில் முறுக்கிய கயிறு. வாயில் இரும்பு கிடையாது. கணவர் குடும்பம் தலைமுறை தலைமுறையாக வகேரோக்கள், மாடு மேய்க்கும் குதிரைக்காரர்கள்.

ஹாகிமா என்ற சொல் அரபு 'ஷகீமா'விலிருந்து ஸ்பெயினுக்கு வந்தது. அங்கிருந்து மெக்சிகோ. 1769-ல் சான் டியேகோவில் முதல் மிஷன் தொடங்கிய பிறகு கலிபோர்னியா. ஆங்கிலேய வாய்க்கு அது 'ஹாக்கமோர்' ஆனது. வகேரோ முறையில் இளங்குதிரைக்கு வாயில் எதையும் வைக்க மாட்டார்கள். பல் விழுந்து முளைக்கும் வயது முடியும்வரை ஹாகிமாதான். அதற்குப் பிறகு சில காலம் ஹாகிமாவும் இரும்பும் சேர்ந்து. கடைசியில்தான் இரும்பு மட்டும், அதுவும் கனமான இரும்பு, ஆனால் லகான் தொங்கிக்கொண்டிருக்கும். இரண்டு விரலின் அசைவே போதும். இரும்பை அவர்கள் வெறுக்கவில்லை. குதிரை அதற்குத் தயாராகும்வரை காத்திருந்தார்கள்.

"இதுல வலிக்காதுன்னு நெனைக்காத மிஹா" என்றார் சென்யோரா. "முரட்டுக் கை இருந்தா இதாலயே மூக்கை உரிச்சுடலாம்."

உண்மைதான். நீளமான இரும்புக் கைப்பிடிகள் வைத்த எந்திர ஹாக்கமோர் வாயைத் தொடாது, ஆனால் நெம்புகோல் மாதிரி மூக்கையும் தாடையையும் நசுக்கும். மூக்கெலும்பின் நுனி மெல்லியது. இரும்பை எடுத்துவிட்டோம், அதனால் கருணை வந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ள முடியாது. 1990-களில் தலையைக் குறுக்கே சுற்றும் வார் வைத்த கடிவாளத்தைப் பரப்பிய ராபர்ட் குக் என்ற கால்நடைப் பேராசிரியர், குதிரை மண்டையோடுகளில் பலோமாவுக்கு இருந்த மாதிரியான எலும்பு முண்டுகளைத் தேடி எண்ணியவர். அவர் காட்டியது வாய்க்குள் நடப்பதை. கைக்குள் நடப்பதை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆறாவது மாதம்

நான்காம் மாதம் துள்ளுநடை. ஐந்தாம் மாதக் கடைசியில் மெதுவான பாய்ச்சல், வட்டத்துக்கு ஒரு சுற்று மட்டும். நாடி எட்டு நிமிஷத்தில் 60-க்குக் கீழே வந்தது. முதுகுச் சதை நிரம்பி, முதலில் இடித்த பழைய சேணமே கொஞ்சம் பஞ்சு வைத்தால் பொருந்தும் அளவுக்கு வந்துவிட்டது.

சென்யோரா ஒரு ஞாயிற்றுக்கிழமை தானே ஏறிப் பார்த்தார். கணவரின் ஹாகிமாவைப் போட்டுப் பத்து நிமிஷம் நடத்தினார். நிறுத்தினார். திருப்பினார். இறங்கி, கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டு, "சின்னப் பிள்ளைங்களை ஏத்தலாம். நடை மட்டும். வாரத்துக்கு மூணு நாள்" என்றார். ஏலத்தைப் பற்றி அவர் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

ஒரு கணக்கு மட்டும் எனக்கு மனசில் நிற்கிறது. மூவாயிரம் வருஷம் கழித்து யாராவது பலோமாவைத் தோண்டி எடுத்தால் முதல் கடைவாய்ப் பல்லின் தேய்மானத்தைப் பார்ப்பார்கள். தாடையின் முண்டைப் பார்ப்பார்கள். 'கடிவாளம் போட்டு ஓட்டப்பட்ட குதிரை' என்று எழுதுவார்கள். அது சரியான முடிவும்கூட. ஆனால் நாளுக்கு 20 நிமிஷ நடை, ஒன்பது நாளில் மூடிய வாய், ஒற்றை லகான் வட்டம், இவை எதுவும் அந்த எலும்பில் இருக்காது. தெரெய்வ்கா பற்றியும் போத்தாய் பற்றியும் படிக்கும்போது நான் இப்போது இதை நினைத்துக்கொள்கிறேன். பல்லில் தடம் இருந்தால் அங்கே ஒரு கை இழுத்திருக்கிறது என்று சொல்லலாம். தடம் இல்லையென்றால் அங்கே யாருமே ஏறவில்லை என்று சொல்லிவிட முடியாது.

கிக்குலியின் பலகைகளைப் பற்றித் தனியாக எழுத ஆசை இருக்கிறது. அதற்கு முன் பலோமாவுக்கு லாடம் மாற்ற வேண்டும். வெள்ளிக்கிழமை லாடக்காரர் வருகிறார்.